பலாலியில் இருந்து பியர்சன் வரை: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிட

கனடாவில் இருக்கும் பிள்ளையிடம் முதன்முதலாகப் போகப் புறப்படும் தாய் தகப்பன் கேட்கும் முதல் கேள்வி, "எத்தினை மணித்தியாலம் பிளேனுக்க இருக்கவேணும்?" என்பதுதான். இணையத்தில் தேடினால் உடனே ஒரு விடை வரும்: யாழ்ப்பாணம்–ரொறன்ரோ 13,700 கிலோமீற்றர் சொச்சம், பறப்பு நேரம் 16, 17 மணித்தியாலம். தூரம் சரி. நேரம் ஒருவருக்கும் உதவாது, ஏனென்றால் அப்படி நேரே பறக்கிற விமானம் எதுவும் இல்லை. வீட்டுப் படலையைச் சாத்தியதில் இருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கதவு திறக்கும்வரை எண்ணினால் ஏறத்தாழ 36 மணித்தியாலம் வரும். நடுவில் காணாமல்போன இந்த 20 மணித்தியாலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ரிக்கற் எடுக்கமுதலே கண்டுபிடித்துவிடலாம். ஒரு தாளும் பேனையும் கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பானும் போதும்.

முதலில் விமான நிலையத்தின் குறியைப் பாருங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஜே-ஏ-எஃப், கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்கவுக்கு சீ-எம்-பி, சென்னைக்கு எம்-ஏ-ஏ, ரொறன்ரோ பியர்சனுக்கு வை-வை-இசட். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தவறு நடக்கும். ரொறன்ரோவில் ஏரிக்கரைத் தீவில் பில்லி பிஷப் என்ற சின்ன விமான நிலையம் ஒன்றும் இருக்கிறது. அதன் குறி வை-ரீ-இசட். கொழும்பு என்றால் கட்டுநாயக்கவும் வரும், இரத்மலானையும் வரும். லண்டனில் ஹீத்ரோ, கட்விக், ஸ்ரான்ஸ்ரெட், லூட்டன் என்று பல. ஹீத்ரோவில் இறங்கி கட்விக்கில் அடுத்த விமானம் ஏறுவதுபோல ரிக்கற் அமைந்துவிட்டால், பயணப்பொதியோடு லண்டனைச் சுற்றி வீதியால் ஓடவேண்டும். பிரித்தானியாவுக்குள் நுழைய விசாவும் வேண்டிவரலாம். விலை குறைந்த ரிக்கற்றில் இது கண்ணில் படாமல் கிடக்கும். இறங்கும் குறியும் அடுத்து ஏறும் குறியும் ஒன்றாக இருக்கிறதா என்பதை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

நேர்த்தூரம்: நூலும் உருண்டையும்

சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவுக்குப் போகும் கோடு அரபுக்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று மேற்கே ஓடும். அது தட்டைப் படம் செய்யும் மயக்கம். பூமி உருண்டை, இரண்டு இடங்களுக்கு இடையில் மிகக் குறுகிய வழி அந்த உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூல் கிடக்கும் வழி.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பூகோள உருண்டை ஒன்று கிடைத்தால் தையல் நூலை எடுங்கள். ஒரு நுனியை யாழ்ப்பாணத்தில் பெருவிரலால் அழுத்தி, மற்ற நுனியை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோய் இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது. வழுக்கி வடக்கே ஏறும். ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், யூரல் மலையடி, ரஷ்யாவின் வெண்கடல், பிறகு கிரீன்லாந்து, அங்கிருந்து கியூபெக் வழியாக ரொறன்ரோவுக்கு இறங்கும். மிக உயர்ந்த இடத்தில் வட அகலாங்கு 72 பாகையைத் தாண்டி நிற்கும். நூலை அடிமட்டத்தில் வைத்தால் 32 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் வரும். இந்த உருண்டையில் 1 சென்ரிமீற்றர் என்பது ஏறத்தாழ 425 கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கள், 13,700 பக்கத்தில் வந்து நிற்கும்.

துல்லியமாக வேண்டுமானால் கணிப்பானில் செய்யலாம். பலாலி: அகலாங்கு 9.79 வடக்கு, நெட்டாங்கு 80.07 கிழக்கு. பியர்சன்: 43.68 வடக்கு, 79.63 மேற்கு. இரண்டு அகலாங்குகளின் சைன் பெறுமதிகளைப் பெருக்குங்கள். பிறகு இரண்டு அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால் −0.551 வரும். அதன் நேர்மாறு கோசைன் (கணிப்பானில் cos⁻¹) 123.43 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 13,725 கிலோமீற்றர்.

இதில் இரண்டு இடத்தில் கை வழுக்கும். கணிப்பான் பாகையில் இல்லாமல், கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருந்தால் விடை பொருளற்று வரும். அதைவிடப் பொல்லாதது மேற்கு நெட்டாங்கைக் கிழக்கு என்று போடுவது. மேற்கு என்றால் கழித்தல் குறி வேண்டும். ஆகவே வித்தியாசம் 80.07 உடன் 79.63 ஐக் கூட்டி 159.70. குறியை மறந்தால் வித்தியாசம் அரைப் பாகைகூட வராது, ரொறன்ரோ 3,770 கிலோமீற்றரில் இருப்பதாகக் காட்டும். அந்தப் புள்ளி கசகஸ்தானில் இருக்கிறது.

அலகையும் கவனியுங்கள். சில தளங்கள் மைல் காட்டும், சில கடல்மைல் காட்டும். ஒரு மைல் 1.609 கிலோமீற்றர், ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். 13,725 கிலோமீற்றரும் 8,528 மைலும் 7,411 கடல்மைலும் ஒரே தூரம்தான்.

போகும் வழியைத் துண்டு துண்டாக அளவுங்கள்

நேர்த்தூரம் ஒரு அளவுகோல் மட்டுமே. நீங்கள் போகப்போவது இடையில் இறங்கி ஏறி. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டவேண்டும்.

கட்டுநாயக்கவில் இருந்து டுபாய் 3,288 கிலோமீற்றர், டுபாயில் இருந்து பியர்சன் 11,082. மொத்தம் 14,370. லண்டன் வழியாகப் போனால் கட்டுநாயக்க–ஹீத்ரோ 8,715, ஹீத்ரோ–பியர்சன் 5,708. மொத்தம் 14,423. இரண்டுக்கும் வித்தியாசம் 53 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சி போகிற தூரத்தைவிடக் குறைவு. "டுபாய் சுத்துவழி, லண்டன்தான் நேர்வழி" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். கட்டுநாயக்கவில் இருந்து நூல் பிடித்தாற்போலப் போனாலே 13,996 கிலோமீற்றர் வருகிறது. டுபாய்ச் சுற்று அதற்கு மேலே 374 கிலோமீற்றர்தான், அரை மணித்தியாலப் பறப்புக்கும் குறைவு.

சென்னை வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தவருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற வழி. பலாலி 2019 ஒக்ரோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை 356 கிலோமீற்றர். ஹீத்ரோ போகிறவரை எடுத்துக்கொள்வோம். பலாலியில் இருந்து ஹீத்ரோ நேர்த்தூரம் 8,502. சென்னை வழியாகப் போனால் 8,590, கூடுதல் 88 கிலோமீற்றர் மட்டுமே. கட்டுநாயக்க வழியாகப் போனால் முதலில் 291 கிலோமீற்றர் தெற்கே போய், பிறகு வந்த திசைக்கே திரும்பிப் பறக்கவேண்டும், மொத்தம் 9,006. தூரத்தில் சென்னைதான் வெல்லும்.

ஆனால் சென்னை ரிக்கற்றும் அங்கிருந்து போகிற நீண்ட பறப்பும் தனித்தனி முன்பதிவாக இருந்தால் கதை மாறிவிடும். சென்னையில் பயணப்பொதியை எடுத்து மறுபடி கொடுக்கவேண்டும். அதற்கு இந்தியக் குடிவரவைத் தாண்டவேண்டும், இந்திய விசா வேண்டும். பலாலிக்கு வந்துபோவது எழுபது சொச்சம் இருக்கைகள் உள்ள ஏரீஆர் ரக விமானம். நீண்ட பறப்புக்கு 23 கிலோப் பொதி இரண்டு தருவார்கள் என்பதற்காக அதே அளவை இதிலும் ஏற்றமாட்டார்கள். மிஞ்சுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. பலாலி விமானம் பிந்தி, சென்னையில் அடுத்ததைத் தவறவிட்டால், தனி ரிக்கற் என்றபடியால் ஒரு நிறுவனமும் பொறுப்பெடுக்காது. இரண்டையும் ஒரே முன்பதிவு எண்ணில் போட முடிந்தால் மட்டும் இந்த வழியை நம்பிப் போகலாம். அப்படி இல்லையென்றால் நடுவில் குறைந்தது ஆறு மணித்தியாலமாவது விடுங்கள். முதல் நாளே போய்ச் சென்னையில் தங்குவது இன்னும் நல்லது.

தூரத்தை நேரமாக்குவது

பெரிய ஜெற் விமானம் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் பறக்கும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகத்தான். ஆகவே தூரத்தை 850 ஆல் பிரித்து, 35 நிமிடத்தைக் கூட்டுங்கள். கட்டுநாயக்க–டுபாய் இந்தக் கணக்கில் நாலரை மணித்தியாலம். அட்டவணையும் அதையொட்டியே இருக்கும். ஹீத்ரோவுக்கு 11 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய. ஏரீஆர் போன்ற சுழலி விமானத்துக்கு 500 ஆல் பிரிக்கவேண்டும். பலாலி–சென்னை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுப்பது இதனால்தான்.

டுபாய்–ரொறன்ரோ கணக்கில் 13 மணித்தியாலம் 37 நிமிடம் வரும். அட்டவணையில் 14 மணித்தியாலம் அளவில் இருக்கும். திரும்பி வரும்போது அதே வழி 13 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். காரணம் காற்று. வட அரைக்கோளத்தின் நடு அகலாங்குகளில், 9 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்காகத் தாரைக்காற்று ஓடுகிறது. மாரிகாலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். போகும்போது அது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். மேற்கே போகும் நீண்ட பறப்புக்குக் கணக்கில் வந்ததைவிட அரை மணித்தியாலம் கூட்டிவைத்தால் பெரும்பாலும் பிழைக்காது.

பறப்பு நேரம் கணக்கைவிடக் கூடுவதற்கு மூடிய வானம் இன்னொரு காரணம். 2022 பெப்ரவரியில் உக்ரேன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றிய விமானங்களை ரஷ்யா தன் வானில் விடுவதில்லை. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றது வானை மூடின. வட இந்தியாவில் இருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் அதனால் தெற்கால் சுற்றின. 2025 யூன் 23 அன்று கட்டார் தன் வான்வெளியைச் சில மணித்தியாலங்கள் மூடியபோது, வளைகுடா வழியாகப் போன ஏராளமான பயணிகள் நடுவழியில் நின்றார்கள். தூரக் கணிப்பான் இவற்றில் ஒன்றையும் அறியாது. பயணத்துக்கு முந்திய வாரத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்களாக அது உண்மையில் எத்தனை மணித்தியாலம் பறந்தது என்று பாருங்கள். அந்த எண்தான் நம்பத்தக்கது.

ரிக்கற்றில் உள்ள நேரம்

பிழை அதிகம் நடப்பது இங்கே. ரிக்கற்றில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். கட்டுநாயக்கவில் ஏறும் நேரம் இலங்கை நேரம், டுபாயில் இறங்கும் நேரம் டுபாய் நேரம். அப்படியே கழித்தால் பிழைக்கும். எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்துக்கு (எல்லா ஊர் நேரத்துக்கும் அடிப்படையான UTC) மாற்றிவிட்டுக் கழிப்பதே குழப்பமில்லாத வழி.

இலங்கை அதிலிருந்து 5 மணி 30 நிமிடம் முன்னே, ஆண்டு முழுவதும் ஒன்றே. டுபாய் 4 மணி முன்னே, அதுவும் மாறாது. ரொறன்ரோ மாரியில் 5 மணி பின்னே, கோடையில் 4 மணி பின்னே. மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே எடுப்பார்கள். ஐரோப்பாவில் இது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும். ஆகவே இலங்கைக்கும் ரொறன்ரோவுக்கும் வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, மாரியில் பத்தரை மணி.

யூலை மாதத்து உதாரணம் ஒன்று. கட்டுநாயக்கவில் அதிகாலை 02:55 க்கு ஏற்றம், டுபாயில் 05:55 க்கு இறக்கம், மறுபடி 09:30 க்கு ஏற்றம், பியர்சனில் பிற்பகல் 15:30 க்கு இறக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் பன்னிரண்டரை மணித்தியாலம்போலத் தெரியும். பொது நேரத்துக்கு மாற்றுங்கள். 02:55 இல் 5 மணி 30 நிமிடம் போனால் முதல்நாள் 21:25. டுபாய் 05:55 இல் 4 போனால் 01:55. 09:30 என்பது 05:30. பியர்சன் 15:30 உடன் 4 கூட்டினால் 19:30. இப்போது கழியுங்கள்: முதல் பறப்பு 4 மணி 30 நிமிடம், டுபாயில் காத்திருப்பு 3 மணி 35 நிமிடம், இரண்டாம் பறப்பு 14 மணி. மொத்தம் 22 மணி 5 நிமிடம். மூன்றையும் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஓர் ஊரின் நேரத்தில் பிழை விட்டிருக்கிறீர்கள்.

திகதியைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்லவேண்டும். ரிக்கற்றில் "14ஆம் திகதி 00:20" என்று இருந்தால், 13ஆம் திகதி இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் கட்டுநாயக்கவில் நிற்கவேண்டும். 14 என்று கண்டவுடன் 14 மத்தியானம் வாடகை வான் (van) பிடிப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்; அவர்கள் போய்ச் சேரும்போது விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாளாகியிருக்கும். நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை எந்த ஏற்றமாக இருந்தாலும், வீட்டை விட்டு வெளிக்கிடும் கிழமையையும் திகதியையும் தனியாக எழுதி நாட்காட்டியில் ஒட்டுங்கள். வான் சாரதிக்குச் சொல்லும்போதும் விமானத் திகதியைச் சொல்லாமல் வீட்டுக்கு வரவேண்டிய திகதியைச் சொல்லுங்கள்.

இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக இருந்தால் அது மறுநாள். ரொறன்ரோவில் இருந்து திரும்பும்போது இது கட்டாயம் இருக்கும். வெள்ளி பிற்பகல் அங்கே ஏறினால் சனி இரவு கட்டுநாயக்க, யாழ்ப்பாணம் ஞாயிறு காலை.

இடையில் இறங்கும் நாடும் விசாவும்

நேரக் கணக்கு எவ்வளவு அழகாக வந்தாலும், இலங்கைக் கடவுச்சீட்டோடு சில வழிகளில் போக முடியாது. விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் பிரித்தானியா இலங்கையரிடம் ட்ரான்சிற் விசா கேட்கும். பாரிஸ், பிராங்பேர்ட், சூரிச் போன்ற ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விமான நிலையங்களிலும் அப்படியே. செல்லுபடியான கனடா விசா கையில் இருந்தால் இந்த இரண்டு இடத்திலும் பொதுவாக விலக்கு உண்டு. ரிக்கற் எடுக்கமுதல் அந்தந்தத் தூதரகப் பக்கத்தில் உங்கள் விசா வகையைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கும் முழுக் குடிவரவு வரிசையில் நின்று போகவேண்டும். அந்நாட்டு விசா இல்லாமல் முடியாது, கனடா விசா உதவாது. முதன்முறை போகும் வயதானவர்களுக்கு வளைகுடா வழிதான் சிக்கல் குறைந்தது.

காத்திருப்பு எவ்வளவு? ஒரே முன்பதிவு என்றால் இரண்டரையில் இருந்து நாலு மணித்தியாலம் அளவு. ஒன்றரைக்குக் குறைந்தால், முதல் விமானம் அரை மணித்தியாலம் பிந்தினாலே நெஞ்சு படபடக்க ஓடவேண்டும். நடக்கச் சிரமம் உள்ளவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று குறைந்தது 48 மணித்தியாலம் முன்னே விமான நிறுவனத்திடம் பதியுங்கள். இன்சுலின் போடுபவர் அதைக் கைப்பையில் வைக்கவேண்டும், கீழே ஏற்றும் பொதியில் உறைந்து கெட்டுப்போகலாம். மருந்து நேரத்தை எந்த ஊர் மணிக்கூட்டுக்குப் பார்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மேலே போட்ட கணக்குத் தாளைக் காட்டினால் அவருக்கும் இலகு.

படலையில் இருந்து கதவுவரை

யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்க வான்வழியில் 291 கிலோமீற்றர்தான். வீதியால், வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போக 350 கிலோமீற்றருக்கு மேல். வான் வாகனத்தில் ஏழு, எட்டு மணித்தியாலம், ஒரு தேநீர் நிறுத்தத்தோடு. மாலையில் சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் நெரிசல் உண்டு. நவம்பர், டிசம்பர் மழையில் வெள்ளம் வீதியை மறித்தால் இந்தக் கணக்கு எல்லாம் உடையும். அந்த மாதங்களில் முதல்நாளே போய் நீர்கொழும்பில் தங்குங்கள்.

உதாரணத்தில் உள்ள 02:55 விமானத்துக்கு இரவு 11:30 க்குள் விமான நிலையத்தில் நிற்கவேண்டும். பொதி ஏற்கும் மேசையைப் பெரும்பாலும் விமானம் புறப்பட ஒரு மணித்தியாலம் முன்னே மூடிவிடுவார்கள். வீதிக்கு எட்டு, எதிர்பாராததற்கு ஒன்று என்று வைத்தால் வீட்டில் இருந்து பிற்பகல் 2:30. அங்கிருந்து ஏற்றம்வரை 12 மணி 25 நிமிடம், பயணம் 22 மணி 5 நிமிடம், பியர்சனில் குடிவரவும் பொதியும் ஒன்றரை மணித்தியாலம். கூட்டினால் 36 மணித்தியாலம், அதற்கு மேலே ஸ்காபரோவுக்குக் காரில் போகும் நேரம்.

கூட்டிப்போக வருபவருக்கு மூன்று விடயம் அனுப்புங்கள்: விமான எண், இறங்கும் நேரம் ரொறன்ரோ மணிக்கூட்டில், முனையம் 1 ஆ 3 ஆ என்பது. விமானம் இறங்கி ஒன்றரை மணித்தியாலம் கழித்து வாசலுக்கு வந்தால் போதும் என்றும் சொல்லிவிடுங்கள்.